எழுப்ப ஆள் வராத பக்கம்

சௌடம்மாளுக்கு மகனின் முகம் மறக்கவில்லை. குரல்தான் மறந்துபோயிற்று.

முகத்துக்குப் புகைப்படம் இருந்தது. பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் லிங்கம் எடுத்து அனுப்பிய படம் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. குரலுக்கு எதைத் தொங்கவிடுவது? ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கையை நிறுத்திவிட்டு, அவன் எப்படிக் கூப்பிடுவான் என்று நினைத்துப் பார்ப்பாள். சொல் வரும், குரல் வராது. ஒருநாள் பக்கத்து வீட்டுத் தறிக்காரனின் குரல் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

பெற்றவளுக்குப் பிள்ளை குரல் மறக்குமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். மறக்கும். கேட்காத குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துதான் போகும். மறந்துகொண்டு வருகிறோம் என்று தெரிந்தே மறப்பதுதான் கொடுமை. அந்தக் கொடுமையோடுதான் அவள் அப்போது மூன்றாவது வருஷத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெருவில் அவர்கள் வீடு. வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். அவர்கள் வீட்டுக்குள் பேசிக்கொண்டதை நான் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களுக்குச் சிரமம் வேண்டாம். ஆனால் ஒரு சொல்லை மாற்ற முடியாது. அம்மாவை அவர்கள் ‘அவ்வா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த தெருவில் இருக்கும் தெலுங்கு பேசுகிற நெசவாளர்களுக்கோ அவ்வா என்றால் பாட்டி. லிங்கம் சின்னவனாக இருந்தபோது தெருவில் நின்று “அவ்வா” என்று கூப்பிட்டால், அந்தத் தெருப் பிள்ளைகள் “ஏலே, ஒங்க பாட்டிக்கு இன்னும் முடியே நரைக்கலையே” என்று கேலி செய்வார்கள். சௌடம்மாளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தக் கேலி பின்னால் என்னவாகி வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

அவளுக்கு முதலில் உண்டான பிள்ளைகள் தங்கவில்லை. சௌடேஸ்வரி அம்மனுக்கு நேர்ந்துகொண்ட பிறகு பிறந்து தங்கியவன் லிங்கம் ஒருவன்தான். அம்மன் திருவிழாவில் இளவட்டங்கள் கத்தியால் மார்பில் தட்டிக்கொண்டு அம்மனை அழைத்து வருவார்கள். கத்தி எடுத்த முதல் வருஷமே லிங்கம் வேகத்தில் ஓங்கித் தட்டி, இடது பக்கம் கழுத்தெலும்புக்குக் கீழே நீளமாகத் தழும்பு விழுந்துவிட்டது. மஞ்சளை அப்பிவிட்டபடி அவனைத் திட்டித் தீர்த்தாள். அவனோ அம்மன் கொடுத்த மெடல் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவனுக்குக் கூட்டாளி பரளச்சிக் காசிராஜன். மானாவாரிக் காட்டுச் சம்சாரி வீட்டுப் பையன். மழை இல்லாமல் காடு தரிசாகக் கிடந்த வருஷம் டவுனுக்கு வந்து பஞ்சு மில்லில் லோடு தூக்கினான். நல்ல கறுப்பு, நல்ல பலம், பேச்சு மட்டும் கொஞ்சம். சௌடம்மாளைப் ‘பெரிம்மா’ என்பான். இரண்டு பேரையும் ஒரே தட்டில் சோறு தின்ன விடாமல் விலக்கி உட்கார வைப்பதே அவளுக்குப் பெரிய வேலை.

அறுபத்தெட்டாம் வருஷம் கோடையில் மதராசிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கண்மாய், பொட்டு ஈரம் இல்லாமல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உலகம் முடிந்துபோன பிறகு நடக்கும் சண்டையைக் காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் இல்லை என்று டைரக்டர் சொன்னாராம். எங்கள் கஷ்டம் ஒருத்தருக்காவது பொருத்தமாக இருந்ததே என்று ஊரில் சிரித்துக்கொண்டார்கள். கூட்டத்துக்கு உள்ளூர் ஆட்களைப் பிடித்தார்கள். லிங்கமும் காசிராஜனும் போனார்கள்.

திரும்பி வந்த லிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. பட்டாளத்து வேஷமாம். குண்டடிபட்டு விழ வேண்டுமாம். விழும்போது அவரவர் வீட்டில் அம்மாவை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே கூப்பிடச் சொன்னாராம் டைரக்டர். காசிராஜன் ‘ஆத்தா’ என்றான். லிங்கம் ‘அவ்வா’ என்றான். டைரக்டர் கையைத் தட்டி, இதுதான் எனக்கு வேண்டும் என்றாராம். அதைச் சொல்லும்போது லிங்கம் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே நின்றான்.

“பாரு அவ்வா, நம்ம வீட்டுப் பேச்சு சினிமாவுல கேக்கப் போகுது. ஊரெல்லாம் ஒன்னைத்தான் கூப்பிட்டேன்னு தெரிஞ்சுக்கும்.”

அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். படம் எப்போது வரும் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். படம் வரவில்லை. பணம் முடங்கிவிட்டது என்றார்கள், டைரக்டருக்கும் முதலாளிக்கும் சண்டை என்றார்கள். லிங்கத்துக்கோ போட்ட சட்டை உடம்பிலேயே ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. மறு வருஷம் மதுரையில் ஆள் எடுத்தபோது சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்று நிஜப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். எழுபத்தொன்று டிசம்பர் சண்டையில், மேற்கே எங்கோ மணல்காட்டில், அவனைக் காணவில்லை என்று தகவல் வந்தது.

செத்தான் என்று வந்திருந்தால் அழுது முடித்திருப்பாள். காணவில்லை என்றால் என்ன செய்வது? பிடிபட்டவர்களை விடுவித்து ரயிலில் அனுப்பினார்கள். அந்தச் செய்தி ரேடியோவில் வந்த நாளெல்லாம் சௌடம்மாள் உலையில் இரண்டு ஆளுக்குப் பதில் மூன்று ஆளுக்கு அரிசி போட்டாள். அவன் வரவில்லை. பாதி ராத்திரியில் வந்து கதவைத் தட்டினால் காதில் விழாமல் போய்விடுமோ என்று வாசலோரமே படுக்கத் தொடங்கினாள்.

அவள் புருஷன் சென்னய்யா அதிகம் பேசாதவர். தறிக்குழியில் இறங்கினால் அந்திக்குத்தான் ஏறுவார். அவருக்குள் ஒரு பயம் இருந்தது. காரியம் செய்யாத உயிர் தாகத்தோடு அலையும் என்று அவர்கள் பக்கம் நம்பிக்கை. மகன் மணல்காட்டில் தண்ணீர் இல்லாமல் அலைகிறான் என்று அவருக்கு அடிக்கடி கனவு வந்தது. ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிடலாம் என்று முதல் வருஷம் மெதுவாகச் சொன்னார், அடுத்த வருஷம் கெஞ்சினார். சௌடம்மாள் இரண்டு தடவையும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

“அந்தப் படம் வரட்டும். அவன் கூப்பிடுறதை ஒருதரம் கேட்டுக்கிடுறேன். கேட்டுட்டா நீங்க சொல்றபடி செய்யலாம். அதுவரைக்கும் எம் மகனுக்கு எள்ளுத் தண்ணி எறைக்கக் கூடாது.”

படமே வராது என்ற தைரியத்தில் சொன்ன பேச்சா, வர வேண்டும் என்ற ஏக்கத்தில் சொன்னதா என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுபத்துநாலு ஆடியில் படம் வந்துவிட்டது.

படத்தின் பெயர் இங்கே எதற்கு? ஓடிய நாளைவிட நீளமான பெயர் அது. முதலில் செய்தி கொண்டுவந்தவர் தையல்கார இருளாண்டி. பேப்பரை வரி விடாமல் படிப்பவர். பட்டணத்துப் பேப்பரில் இந்தப் படத்தைத் தூக்கி வைத்து எழுதியிருந்தார்களாம். கதை கனவு மாதிரி போகுமாம், செத்தவர்கள் எழுந்து நடப்பார்களாம், அதையெல்லாம் விடப் பெரிய விசேஷம், நாட்டில் இருக்கிற அத்தனை பாஷைக்காரர்களுக்கும் இடம் கொடுத்த ஒரே சண்டைப் படம் இதுதானாம். பஞ்சாபி உண்டு, வங்காளி உண்டு, மலையாளி உண்டு. “கன்னடமும் இருக்குன்னு போட்டிருக்கான் தாயி, ஒங்க வீட்டுப் பாஷை” என்றார். சௌடம்மாள் இழுத்த இழுப்பில் நூல் அறுந்தது.

காசிராஜன் அன்றைக்கே ஓடி வந்தான். அவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் இருந்தது, மில்லில்தான் வேலை. படம் நல்லா இல்லையாம் பெரிம்மா, போக வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டால் தரையைப் பார்த்தான். தலைவலி வரும் என்றான், கூட்டம் என்றான், பிறகு கூட்டமே இல்லை என்றான். அவள் நல்ல சேலையை எடுத்துக் கட்டினாள். வேறு வழியில்லாமல் அவனும் கூடவே வந்தான்.

பகல் ஆட்டம். கொட்டகையில் ஆள் கொஞ்சம்தான். சௌடம்மாள் அதற்கு முன்பு சாமிப் படம் மட்டுமே பார்த்தவள். இந்தப் படத்தில் வெடித்த தரையிலிருந்து தந்திக் கம்பங்கள் செடி மாதிரி முளைத்தன. வானத்திலிருந்து உப்பு மழை பெய்தது. ஒரு கழுதை பட்டாள அதிகாரியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்துபோனது. முன்வரிசையில் இருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். அவளுக்கு எதுவும் வேடிக்கையாகத் தெரியவில்லை. மகன் காணாமல் போன நாளிலிருந்து அவளுக்கு உலகம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. தந்திக் கம்பமும் உப்பும் போகட்டும், அவன் எங்கே என்று ஒவ்வொரு முகமாகத் தேடினாள்.

நம் பக்கத்துப் பட்டாளம் அணிவகுத்து நின்றது. வெளுத்த முகங்கள், மடிப்புக் கலையாத சட்டைகள். அதில் அவன் இல்லை. பிறகு எதிரிகள் வந்தார்கள். எந்த நாட்டு எதிரி என்று படத்தில் சொல்லவில்லை. கருவேலங்காட்டுக்குள்ளிருந்து மூஞ்சியில் கரியை அப்பிக்கொண்டு கூச்சல் போட்டபடி ஓடி வந்தார்கள். அத்தனை பேரும் நம் சீமைக்காரர்கள். எம்.ரெட்டியபட்டி, பரளச்சி, திருச்சுழி ஆட்கள். அவர்களுக்கு நடுவில் ஒருவன் குண்டடிபட்டுச் சட்டை கிழிந்து மல்லாக்க விழுந்தான். கரி பூசிய முகத்தை அவள் அடையாளம் காணவில்லை. கழுத்தெலும்புக்குக் கீழே தழும்பைக் கண்டாள்.

காமிரா அவன் முகத்துக்குக் கிட்டே வந்தது. உதடு அசைந்தது. சௌடம்மாள் காதைக் கொடுத்தாள்.

ஒலிபெருக்கிக் குழாயில் வந்தது வேறு ஏதோ சத்தம். எந்த ஊரிலும் எவரும் பேசாத ஒரு பாஷையில் ‘லுகுலுகு’ என்று ஓர் அலறல். மதராசில் யாரோ ஒருவன் அறைக்குள் உட்கார்ந்து கத்தியது. எதிரியாயிற்றே, அவனுக்கு எதற்கு மனுஷப் பாஷை! முன்வரிசையில் ஒருவன் சிரித்தான். ஆனால் அவள் கண்ணை எப்படி ஏமாற்ற முடியும்? முதலில் வாய் திறந்தது, மேல் பல் கீழுதட்டில் அழுந்திக் கொஞ்சம் நின்றது, மறுபடி வாய் திறந்தது. அவன் அவ்வா என்றுதான் சொன்னான். பார்த்தாள், கேட்கவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் தாங்கியிருப்பாள். சண்டை ஓய்ந்து புகை அடங்கியது. செத்தவர்கள் கண்மாய் முழுக்கக் கிடந்தார்கள். அப்போது கரைமேல் அம்மாக்கள் வந்தார்கள், பேப்பரில் புகழ்ந்து எழுதியிருந்த காட்சி. ஒவ்வொரு சீமைக்கும் ஓர் அம்மா, ஆளுக்கொரு தண்ணீர்ச் செம்பு. பஞ்சாபி அம்மா கூப்பிட்டாள், தலைப்பாகைக்காரன் எழுந்தான். வங்காளி அம்மா கூப்பிட்டாள், மலையாளத்து அம்மா கூப்பிட்டாள், தெலுங்கு அம்மா கூப்பிட்டாள். அவரவர் பிள்ளை அவரவர் பாஷையைக் கேட்டு எழுந்து, தண்ணீரைக் குடித்துவிட்டு அம்மா பின்னால் வீட்டுக்கு நடந்தான். தமிழ்த் தாய் ஒருத்தி வந்து ஒரு சிவத்த பிள்ளையைக் கூட்டிப்போனாள்.

கன்னடத் தாயும் வந்தாள். பெரிய பொட்டு, நிறைய வளையல். “ஏளு மகனே, மனெகெ பா” என்றாள். எழுந்திரு மகனே, வீட்டுக்கு வா. சௌடம்மாள் வீட்டுப் பேச்சேதான், கொஞ்சம் பணக்காரத்தனமாக. அந்த அம்மா நடந்து வந்தாள். வந்து, காலடியில் கரி முகத்தோடு மல்லாக்கக் கிடந்த லிங்கத்தைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் கிடந்த யாரோ ஒருவனை எழுப்பிக் கூட்டிப்போனாள்.

எழுந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். கண்மாய்க்குள் கறுப்பு முகங்கள் மட்டும் கிடந்தன. அவர்களை எழுப்ப ஒருத்தியும் வரவில்லை. எல்லாப் பாஷைக்கும் இடம் கொடுத்த படத்தில், அந்தக் கண்மாயைச் சுற்றி இருக்கிற ஊர்க்காரர்களுக்குச் சாக மட்டும்தான் இடம் இருந்தது.

சௌடம்மாள் எழுந்து நின்றாள். “ஏளு லிங்கா” என்று கூப்பிட்டாள். முதலில் மெதுவாக, பிறகு வாய்விட்டு. “ஏளு லிங்கா, அவ்வா வந்திருக்கேன், மனெகெ பா.” இரண்டு மூன்று பேர் விசிலடித்தார்கள். டார்ச் லைட்டோடு வாசல்காரர் வந்து, பக்கத்தில் வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு நின்றார். திரையில் அதற்குள் கழுதை மறுபடி வந்துவிட்டது. காசிராஜன் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் அடுத்த ஆட்டத்துக்கும் இருந்தாள். ஒருவேளை இந்தத் தடவை குரல் வரலாம், இந்தத் தடவை அவன் எழலாம். புத்தியுள்ள பொம்பளைதான். ஆனால் கனவு மாதிரி எடுத்த படம்தானே, அதில் மட்டும் மாறக் கூடாதா என்று அவள் மனது கேட்டது. மாறவில்லை. மறுநாள் போனால் கொட்டகையில் வேறு படம் ஒட்டியிருந்தார்கள். படப் பெட்டி எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டாள். எவனும் கேட்கவில்லை தாயி, திரும்ப மதராசுக்கே போகிறது என்றார்கள்.

வீட்டில் சென்னய்யா ஒரே ஒரு கேள்வி கேட்டார். குரல் கேட்டதா?

“கேக்கல” என்றாள்.

அது பொய் இல்லை. வாக்குப்படி காரியமும் இல்லை, மகன் இன்னும் செத்தவன் இல்லை. படக்காரர்கள் குரலைப் பிடுங்கிக்கொண்டு அவளுக்கு இந்த ஒரு சலுகையைக் கொடுத்திருந்தார்கள். ஆனால் சலுகை கிடைத்த நிம்மதி அவளுக்கு இல்லை. சோறு இறங்கவில்லை. ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. கண்ணை மூடினால் அவன் கரி முகத்தோடு கிடந்தான், வளையல் போட்ட ஒருத்தி அவனைத் தாண்டித் தாண்டிப் போனாள். மணல்காட்டிலும் இப்படித்தான் தாண்டிப் போயிருப்பார்களோ என்ற நினைப்பு வந்த பிறகு அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் மில் வாசலில் போய் நின்று காசிராஜனை வெளியே வரச் சொன்னாள். அந்தக் கண்மாயைக் காட்டு என்றாள். கையில் ஒரு செம்பும் தண்ணீர்ப் பாட்டிலும் இருந்ததைப் பார்த்து அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனான். திருச்சுழி தாண்டி இறங்கி, ஆடிக் காற்று புழுதியை வாரி இறைக்க, இரண்டு பேரும் கரிசலுக்குள் நடந்தார்கள்.

கண்மாய் அன்று போலவே கிடந்தது. அறுபத்தெட்டுக்குப் பிறகு எப்போதோ தண்ணீர் வந்து போயிருக்க வேண்டும், கருவேலம் கூடியிருந்தது. காசிராஜன் இடிந்த மடையை அடையாளம் வைத்து அங்கும் இங்கும் நடந்து பார்த்தான். கடைசியில் ஓர் இடத்தில் நின்றான்.

“இந்தா, இங்கனதான் பெரிம்மா. நான் அந்தப் பக்கம் கெடந்தேன். அவன் இதுல.”

அவள் உட்கார்ந்து வெடித்த மண்ணைக் கையால் தடவினாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். பிறகு, அத்தனை வருஷம் மென்று விழுங்கியதைத் துப்பினான். படம் எடுத்த அன்று காலையில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல ஒருத்தன் பார்த்துக்கொண்டே வந்தானாம். வெளுத்தவன் நம் பக்கம், கறுத்தவன் எதிரிப் பக்கம். தறிக்குழி நிழலிலேயே வளர்ந்த லிங்கத்தைப் பார்த்ததும் நம் பக்கத்துக்குத் தள்ளி, மடிப்புச் சட்டையும் கொடுத்துவிட்டார்கள். காசிராஜனை எதிரிப் பக்கம் தள்ளினார்கள்.

“அவன்தான் பெரிம்மா, சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு எம் பக்கம் வந்துட்டான். நீயில்லாம நான் மட்டும் அங்க நின்னு என்னலே செய்யன்னான். கரிய அவனே அள்ளிப் பூசிக்கிட்டான். அங்கனயே நின்னுருந்தா எந்திரிச்சிருப்பான்ல. என்னாலதான் கெடக்கான்.”

சௌடம்மாள் எழுந்து அவன் முதுகில் அடித்தாள். கை வலிக்கும்வரை அடித்தாள். அவன் அசையாமல் வாங்கிக்கொண்டான். அந்தப் பக்கம் நின்றிருந்தால் எழுந்திருப்பான், எழுந்திருந்தால் வீட்டுக்கு வந்திருப்பான் என்று இரண்டு பேரும் அந்த நேரத்தில் நிஜமாகவே நம்பினார்கள். அடித்த கையாலேயே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். மகன் போன பிறகு அவள் வாய்விட்டு அழுதது அதுதான் முதல் தடவை.

குரல் என்ன ஆயிற்று என்று அவள் பிறகு கேட்டாள். அன்றைக்கே சத்தம் பிடிக்கிற ஆள் சிரித்தானாம். அவன் தெலுங்குக்காரன். சாகிறவன் எதற்குப் பாட்டியைக் கூப்பிடுகிறான், கொட்டகையில் சிரிப்பார்கள், மாற்றிவிட வேண்டியதுதான் என்று டைரக்டரிடம் சொன்னதைக் காசிராஜன் பக்கத்தில் கிடந்தபடி கேட்டிருக்கிறான். செத்த வேஷம், எழுந்து பதில் சொல்லக் கூடாது. அடுத்த தெருப் பிள்ளைகளின் கேலி இத்தனை வருஷம் கழித்து இப்படி வந்து சேர்ந்திருந்தது.

“நீ பக்கத்துலதானே கெடந்தே? ஒனக்குக் கேட்டுச்சுல்ல?” அவள் அவன் முகத்தையே பார்த்தாள். “எப்படிக் கூப்பிட்டான்? ஒருக்காக் கூப்பிட்டுக் காட்டு.”

எனக்கு வராது பெரிம்மா என்றான். அவள் விடவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு “அவ்வா” என்றான்.

அப்படி இல்லை என்றாள் அவள். அவன் மறுபடி சொன்னான். இழுக்காதே, அவன் இழுக்க மாட்டான். மறுபடி. நடுவில் கொஞ்சம் அழுத்தி நில், உதட்டைக் கடி. மறுபடி. இன்னும் மேலே, கடைசியில் கேள்வி கேட்கிற மாதிரி, அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்பானே அப்படி. அவனுக்கு வரவில்லை. வேற்று வீட்டுச் சொல், அவன் நாக்குக்கு அது ஏறவே இல்லை. பொறுமை போய் அவளே சொல்லிக் காட்டினாள்.

“இப்படி. அவ்வா.”

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். வந்தது அவள் குரல் இல்லை. காசிராஜன் ஓரடி பின்னால் போனான். இத்தனை வருஷம் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து தேடியது அவள் தொண்டையில்தான் இருந்திருக்கிறது. லிங்கம் அடுப்படி நிலையில் நின்று கூப்பிட்டதுபோலவே தெளிவாக இருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சுக்குத்தான். அடுத்த மூச்சில் சென்னய்யாவிடம் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது.

அவள் செம்பில் தண்ணீரை ஊற்றினாள். “ஏளு லிங்கா” என்று கூப்பிட்டாள். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் காத்திருப்பதுபோலக் காத்திருந்தாள். பிறகு, “காசிராசா, நீயும் எந்திரிச்சு வா, போவோம்” என்றாள், நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்து. செம்புத் தண்ணீரில் பாதியை அவனைக் குடிக்கச் சொன்னாள். மீதியை வெடிப்புக்குள் ஊற்றினாள். கரிசல் அதை உடனே குடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது பொழுது இறங்கவில்லை. தறிச் சத்தம் தெருவிலேயே கேட்டது. அவள் காலில் இருந்த கரிசல் புழுதியைப் பார்த்ததும் சென்னய்யா தறியில் ஓடிய நாடாவை நிறுத்தினார். கேட்கவில்லை என்று அவள் இன்னும் சொல்லலாம். அதற்குச் சாட்சி சொல்ல ஒரு கொட்டகையே இருக்கிறது. சொன்னால் மகன் இன்னும் ஒரு வருஷம் உயிரோடு இருப்பான், மணல்காட்டில் தண்ணீர் இல்லாமல்.

“கேட்டுட்டேன்” என்றாள்.

அவர் தறிக்குழிக்குள் நின்றபடியே அவளைப் பார்த்தார். என்ன சொன்னான் என்று கேட்டார்.

“அவ்வான்னான். நல்லாத்தான் கூப்பிட்டிருக்கான். நான்தான் போகலை.”

சென்னய்யா மேலே ஏறி வந்து அவளுக்குக் கால் கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, அமாவாசைக்குச் சொல்லிவர ஐயர் வீட்டுக்குப் போனார். சௌடம்மாள் உலை வைத்தாள். கை பழக்கத்தில் மூன்று ஆளுக்கு அள்ளிவிட்டு, ஒரு ஆளுக்கானதை அரிசிப் பானையில் திரும்பப் போட்டாள்.